அஞ்சு பீடி நேரம்

உட்கார், அம்மணி. அந்த நாற்காலி ஒரு பக்கம் ஆடும். விழாது. உட்கார்.

எத்தனை கேள்வி? பன்னிரண்டா? பன்னிரண்டுக்கெல்லாம் பதில் சொல்கிற ஆள் நான் இல்லை. மளமளவென்று கேள். பெயர் வெள்ளிங்கிரி. வயது அறுபத்தெட்டு. தொழில் கிணறு வெட்டு. பாறைக்கு வெடி வைக்கிறவன். வைத்தவன் என்று எழுது, இப்போது இல்லை. பீடியை விட்டு ஆறு வருஷம் நாலு மாதம். நடுவில் ஒன்றுகூடத் தொட்டதில்லை. ஒரு இழுப்புக்கூட இல்லை. அதைக் கொட்டை எழுத்தில் எழுது.

அதற்குத்தானே வந்திருக்கிறாய். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பதினேழு பேரைப் பெஞ்சில் உட்கார வைத்து, விடு விடு என்றார்கள். பதினாறு பேர் வாசலைத் தாண்டியதும் பற்ற வைத்தார்கள். நான் ஒருவன்தான் நின்றேன். இப்போது மேடையில் ஏற்றிச் சால்வை போடப்போகிறீர்கள். போடுங்கள். சால்வையை வைத்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

கட்டிலில் இருக்கிறவனுக்குக் கும்பிடு போட்டாய். பதிலுக்குக் கும்பிடவில்லை என்று நினைக்காதே. அவனுக்குத் தெரியாது. இரண்டு கண்ணும் இல்லை. என் மச்சினன் பொம்மையன். என் வீட்டுக்காரி மாராயிக்குத் தம்பி. காது நன்றாகக் கேட்கும். வேண்டியதற்கு மேலேயே கேட்கும்.

"ஆமாங்க அம்மணி. காத மட்டும் மச்சான் உட்டு வெச்சிருக்காரு."

கேட்டாயா? இப்படித்தான். வாயையும் விட்டு வைத்திருக்கிறேன். நீ உன் கேள்வியைப் படி.

ஏழாவது. என்ன? இன்னொரு தடவை. 'புகையை விட்ட பிறகு ஏற்பட்ட மன அழுத்தத்தை எவ்வாறு சமாளித்தீர்கள்?'

அடித்தேன்.

எழுது. ஏன் பேனா நிற்கிறது? அடித்தேன். கையில் அகப்பட்டவனை அடித்தேன். நீ கேட்டாய், நான் சொன்னேன். அடுத்த கேள்வி.

விளக்கமாகவா? மூன்று வரி விட்டிருக்கிறார்களா? விளக்கம் மூன்று வரியில் அடங்காது, அம்மணி. சரி, கேள். நடுவில் பேசாதே.

முதலில் கால். இதோ பார், இடது கால். சுண்டு விரலும் அடுத்ததும் இல்லை. கறுத்துப்போய்ச் சுட்ட கத்திரிக்காய் மாதிரி ஆகிவிட்டன. வலி என்றால் வலி. வெட்டி எடுத்தார்கள். டாக்டர் சின்னப் பையன்தான், ஆனால் சுற்றி வளைக்கவில்லை. "பெரியவரே, பீடியால காலுக்குப் போற ரத்தக் குழா அடைச்சிருச்சு. இன்னொரு பீடி குடிச்சா முழங்கால் வரைக்கும் எடுப்பேன். பீடியா, காலா?" என்றான். கால் என்றேன். இடுப்பில் இருந்த பீடிக் கட்டை எடுத்து அவன் மேஜைமேல் போட்டேன். தீர்ந்தது. பன்னிரண்டு வயதில் பிடித்ததை அறுபத்திரண்டில் விட்டேன். நாளைக்கு இரண்டு கட்டு. விட்டது பெரிய காரியமே இல்லை. விட்ட பிறகு சுற்றி இருக்கிற மனுஷர்களைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். இன்றைக்கும் அதையே கொடுக்கிறீர்களா? கிராம்பு மெல்லு. தண்ணீர் குடி. மூச்சை இழுத்து விடு. ஆசை வந்தால் அஞ்சு நிமிஷம் பொறு, தானாகப் போய்விடும். கோபம் வந்தால் நூறு வரை எண்ணு. எழுதியவனுக்கு என்ன! எனக்குப் பன்னிரண்டு எண்ணுவதற்குள் கை போய்விடும்.

மூன்றாம் நாள் காலை. மாராயி களியைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு, பக்கத்தில் நாலு கிராம்பையும் வைத்தாள். நான் கேட்டேனா? கேட்கவில்லை. தட்டை வீசினேன். அவளைக் குறிவைத்து வீசவில்லை. தட்டு திரும்பிவிட்டது. புருவத்தில் மூன்று தையல். சுவரைப் பார்த்து வீசினது திரும்பி அவள்மேல் போனால் நான் என்ன செய்வேன்?

எட்டாம் நாள் டீக்கடை. பக்கத்தில் ஒருவன் சிகரெட்டை இழுத்து என் மூஞ்சியில் விட்டான். தெரிந்துதான் விட்டான். அவன் கையில் டீயை ஊற்றினேன். கையெல்லாம் கொப்புளம் என்று ஊரைக் கூட்டினான். டீ அவ்வளவு சூடே இல்லை, அம்மணி. அந்தக் கடையில் என்றைக்குச் சூடாகக் கொடுத்தான்?

பக்கத்து வீட்டுச் சேவல். விடியவிடியக் கூவியது. கழுத்தைத் திருகினேன். திருகி, அவர்கள் வாசலிலேயே கொண்டுபோய் வைத்தேன். "குழம்பு வெச்சுக்கங்க" என்றேன். சேவலை நான் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. அந்த மாதிரி ஆள் இல்லை நான். நியாயமாகத்தான் நடந்தேன். அன்றிலிருந்து அவர்கள் பேசுவதில்லை.

ஏய்! எவன்டா அது, தெருவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு? பழைய இரும்பு, பழைய பிளாஸ்டிக்... "டேய்! சத்தத்தக் கொறைடா! கல்ல எடுத்தன்னா மண்டை போயிரும்!" ...

போய்விட்டான். பார்த்தாயா, சொன்னால் கேட்கிறார்கள். எங்கே விட்டேன்?

ஒரு நிமிஷம் இரு. மணி நாலா? அவனுக்கு நேரமாகிவிட்டது.

... ம். பற்றிக்கொண்டது. இழு.

என்ன அப்படிப் பார்க்கிறாய்? பீடி அவனுக்கு. நான் குச்சியைக் கிழித்துக் காட்டினேன், அவ்வளவுதான். என் வாயில் வைத்தேனா? நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்? புகை இல்லாத வீடு என்று அந்தத் தாளில் ஏதாவது கட்டம் இருந்தால் அதில் கோடு போட்டுக்கொள். காரணம் வரும். பொறு.

இருபதாம் நாள் வேலைக்குப் போனேன். மூன்று மாதம் கூடாது என்றார் டாக்டர். வீட்டில் இருந்தால் கொலை விழும் என்று மாராயிதான் சொன்னாள். தாராபுரம் பக்கம் ஒரு தோட்டம். அறுபதடிக்குக் கீழே கரும்பாறை. நான், பொம்மையன், கிரேன் ஓட்டுகிற ராயப்பன், கல் அள்ளுகிறவர்கள் ஏழு பேர். பொம்மையனும் நானும் வெடிக்காரர்கள். பதினாறு வருஷமாக என்கூட இறங்குகிறவன். அம்மா இல்லாதவன், மாராயிதான் வளர்த்தாள். அந்த வைகாசியில் அவனுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தது.

எங்கள் வேலையில் பீடி சும்மா வாய்க்கு இல்லை, அம்மணி. அது உங்கள் தாளில் இல்லை. பாறையில் ஆறு துளை போடுவோம். ஒவ்வொன்றிலும் வெடிமருந்துத் தோட்டா, அதற்கு ஒரு திரி. கிணற்றுக்குள் ஈரம், கையெல்லாம் சேறு. தீக்குச்சி நமுத்துப்போகும். எரிகிற பீடியை ஆறு திரியிலும் வரிசையாக வைத்து எடுப்போம். கிரேனில் தொங்குகிற இரும்புத் தொட்டியில் ஏறுவோம். ராயப்பன் தூக்குவான். மேலே வந்து எண்ணுவோம். ஒன்று, இரண்டு, மூன்று... திரியைக் கூடக் குறைய வெட்டியிருப்போம், தனித்தனியாக வெடிக்கும். ஆறும் ஆனால் இறங்கலாம். அஞ்சுதான் கேட்டது என்றால் ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதை ஊமை என்போம். திரி உள்ளுக்குள் கனிந்துகொண்டே இருக்கும். எப்போது வெடிக்கும் என்று அதற்கே தெரியாது.

ஊமை விழுந்தால் அஞ்சு பீடி நேரம். அதுதான் சட்டம். மேலே உட்கார்ந்து, ஒன்று முடிந்து ஒன்று, அஞ்சு பீடி குடித்து முடிக்க வேண்டும். அஞ்சாவதைக் கீழே போட்டு மிதித்த பிறகுதான் ஒருவன் கிணற்றை எட்டிப் பார்க்கலாம். கடிகாரம் கிடையாது. கடிகாரத்தைப் பார்த்தால் மனுஷன் அவசரப்படுவான். பீடியை வைத்து அவசரப்பட முடியாது. அது எரிகிற வேகத்தில்தான் எரியும்.

இப்போது நான் பீடியை விட்டாயிற்று. ஆகையால் கிணற்றடியில் ஒருத்தனும் பீடி குடிக்கக் கூடாது என்றேன். நியாயம்தானே? ஒருவன் விரதம் இருக்கிற வீட்டில் மற்றவன் கறிச்சோறு தின்பானா? இருபத்தொன்றாம் நாள் ஒருவன் வேப்பமரத்துக்குப் பின்னால் போய் ஊதினான். மண்வெட்டிக் காம்பால் முழங்காலில் போட்டேன். அப்புறம் யாரும் ஊதவில்லை.

திரியைக் கொளுத்த என்ன செய்வது? பொம்மையன்தான் ஊதுபத்தி வாங்கி வந்தான். மல்லிகை வாசம். அறுபதடிப் பள்ளத்தில் கோவில் மாதிரி மணக்கும். "மச்சான், சாமி கும்புட்டுட்டு வெடி வெக்கறது நல்லதுதானுங்க" என்பான். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இல்லை. நான் சிரிக்கவில்லை. அவன் சிரித்தான்.

முப்பதாம் நாளோ என்னவோ, ராயப்பன் கிரேனிலிருந்து இறங்கி வந்தான். "அண்ணா, ஒரு வாரம் ஊட்டுல இருங்க. பசங்க பயப்படறாங்க. நானும் பொம்மையனும் பாத்துக்கறோம்" என்றான். தன்மையாகத்தான் சொன்னான். தன்மையாகச் சொன்னதுதான் எனக்கு ஆகவில்லை. வாயில் குத்தினேன். முன் பல் இரண்டு போனது. கையிலும் எனக்குக் காயம், இதோ தழும்பு. அதை யாரும் பேசுவதில்லை. அவன் பல்லைத்தான் பேசுகிறார்கள்.

அடுத்ததா? இரு, வருகிறேன். முதலாவதைச் சரியாக அணை. பாயில் போடாதே.

... ம்.

இவன் தானாகப் பற்ற வைத்தால் மீசையைக் கொளுத்திக்கொள்வான். இரண்டு தடவை கொளுத்தினான். முடி கருகுகிற நாற்றம் எனக்கு ஆகாது. அதனால்தான் நான் வைக்கிறேன். வேறு ஒன்றும் இல்லை.

நாற்பத்து மூன்றாம் நாள். மாசி மாதம், நடுப்பகல். ஆறு துளை. பொம்மையன் ஊதுபத்தியால் கொளுத்தினான். மேலே வந்தோம். எண்ணினோம். ஒன்று. இரண்டு. மூன்று. அப்புறம் ஒன்று பலமாக. அப்புறம் ஒன்று. நின்றுவிட்டது.

"அஞ்சு" என்றான் பொம்மையன்.

"ஆறு" என்றேன். "நாலாவது ரெண்டா வெடிச்சுது. சத்தம் பெருசாக் கேட்டுதா இல்லையா?"

"பெருசாத்தான் கேட்டுது. ஆனா ஒண்ணுதானுங்க மச்சான்."

நான் ஆறு கேட்டேன், அம்மணி. இன்றைக்கும் சொல்கிறேன். அம்பது வருஷம் வெடிச் சத்தம் கேட்ட காது. ஆறு.

"சந்தேகம்னு வந்துட்டா அஞ்சு பீடி நேரமுங்க" என்றான். "போனுல மணி பாத்து அர மணி நேரம் உக்காருங்க."

உட்கார்ந்தேன். உட்காரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. உட்கார்ந்து என்ன செய்வது? அதைச் சொல். கை சும்மா இருக்கிறது. வாய் சும்மா இருக்கிறது. போனில் நம்பர் மாறவே மாட்டேன் என்கிறது. ஒரு நிமிஷம் ஆவதற்குள் ஒரு பொழுது போனமாதிரி இருக்கிறது. கிராம்பு மென்றேன். தண்ணீர் குடித்தேன். எல்லாம் உங்கள் தாளில் போட்டபடி. காலில் இல்லாத விரல் இரண்டும் எரிந்தன. பல்லைக் கடித்ததில் கடைவாய்ப் பல்லில் ஒரு சில்லு தெறித்தது.

அப்போது வாசம் வந்தது.

பீடி. கிரேனுக்குப் பின்னாலிருந்து. ஐம்பதடி தள்ளி ஒருவன் பீடி குடித்தால் எனக்கு எந்த மார்க்கு என்றுகூடத் தெரியும் அப்போது. எழுந்து போனேன். பொம்மையன். குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, கையைக் குவித்து மறைத்துக்கொண்டு இழுக்கிறான். காலடியில் இரண்டு துண்டு கிடக்கிறது. மூன்றாவது வாயில், இப்போதுதான் பற்றியிருக்கிறது.

பக்கத்தில் கிரேனுடைய பழைய கம்பிவடம் ஒரு முழம் கிடந்தது. எடுத்தேன். முதுகில் மூன்று. நாலாவது போடும்போது திரும்பினான், உதட்டில் பட்டது. ரத்தம். சட்டை கிழிந்து தோலும் கூடவே வந்தது. அவன் கை ஓங்கவில்லை. பீடியையும் விடவில்லை. ரத்தத்தோடு வாயில் வைத்துக்கொண்டு சொன்னான்:

"இன்னும் மூணு பீடி பாக்கி இருக்குதுங்க மச்சான்."

அவன் என்ன சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். போன் மணியை அவன் நம்பவில்லை. பீடியால் நேரம் எண்ணிக்கொண்டிருக்கிறான். தெரியும். ஆனால் அந்த நேரத்தில் 'பீடி' என்றது மட்டும்தான் எனக்குக் கேட்டது.

"பயந்தாங்கொள்ளிப் பயலே! வாயத் தொடச்சுக்கிட்டு உங்க அக்கா முந்தானையில போய் ஒளிஞ்சுக்க! ஆறு வெடிச்சுதா இல்லையான்னு நானே எறங்கிக் காட்டறன்!" என்று தொட்டிக்குப் போனேன். ஒரு காலை உள்ளே வைத்தேன்.

அவன் ஓடி வந்து என்னைப் பிடித்துத் தள்ளினான்.

தள்ளினான், அம்மணி! எட்டுப் பேர் பார்க்கிறார்கள். அக்காள் புருஷனை, அப்பன் வயசு ஆனவனை, நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். நான் மல்லாக்க விழுந்தேன். "உங்களுக்குக் காலு செரியில்லீங்க. ஒண்ணுன்னா தாவி ஏற முடியாது. நாம் போறன்" என்றான். தொட்டியில் ஏறிக்கொண்டான்.

என்னைத் தள்ளியது தப்பா இல்லையா? அதைச் சொல். நான் இறங்குகிறேன் என்றேன். அவனை இறங்கச் சொன்னேனா? யாராவது சொன்னார்களா?

"கடைசில 'எறக்குடா'ன்னு சொன்னது யாருங்க மச்சான்?"

நீ சும்மா இரு. உன் பீடியைக் குடி.

... சரி. ராயப்பன் கிரேனில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். இறக்கட்டுமா வேண்டாமா என்று பார்க்கிறான். நான் மண்ணில் கிடக்கிறேன். முதுகெல்லாம் மண். எட்டுப் பேர் பார்க்கிறார்கள். "எறக்குடா" என்றேன். "எறக்கு! தள்ளுனவன் போகட்டும்!"

இறக்கினான்.

எட்டுப் பேர், அம்மணி. எட்டு ஆம்பிளைகள். எல்லாரும் எண்ணியிருக்கிறார்கள். அஞ்சு என்று எட்டுப் பேருக்கும் தெரிந்திருக்கிறது, அப்புறம் போலீஸில் அப்படித்தான் சொன்னார்கள். அன்றைக்கு ஒருத்தன் வாயைத் திறந்தானா? "வேண்டாம், நிறுத்து" என்று ஒரு வார்த்தை? அந்த ராயப்பன்கூடத் திறக்கவில்லை. நல்லது சொல்கிறதற்கு ஒருவன் வேண்டாமா ஒரு இடத்தில்? மனுஷர்களா அவர்கள்? இதை நான் யாரிடம் சொன்னாலும், அவர்களும் இப்போது நீ பார்க்கிற மாதிரியே பார்க்கிறார்கள்.

தொட்டி அடியில் தட்டிய சத்தம் கேட்டது. ராயப்பன் கிரேனை நிறுத்தினான். பொம்மையன் ஒரு காலை வெளியே வைத்துக் குனிந்திருக்கிறான். பாறையில் எந்தத் துளை என்று தேடியிருக்கிறான்.

வெடித்தது.

அஞ்சாவதைவிடச் சின்னச் சத்தம்தான். ஊமை அப்படித்தான் வெடிக்கும். கல்லும் தூளும் கிணற்று வாய்க்கு மேலே ஒரு ஆள் உயரம் எழும்பிக் கொட்டியது. என் மூஞ்சியிலும் கொட்டியது. ஊதுபத்தி வாசமும் கந்தக வாசமும் கலந்து வந்தது. இன்றைக்கு எந்தக் கோவிலுக்குள்ளும் என்னால் நுழைய முடிவதில்லை.

தூக்கினோம். தொட்டியின் இரும்பு இடுப்புக்குக் கீழே காப்பாற்றியிருக்கிறது. அதற்கு மேலே சொல்ல வேண்டாம்; நீ சின்னப் பெண். மூஞ்சியில் மூஞ்சி இல்லை. இரண்டு கண்ணும் அங்கேயே போய்விட்டன. சட்டையெல்லாம் கல் தைத்திருந்தது. செத்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். நான் தலையைத் தூக்கி மடியில் வைத்தேன். நான்தான் வைத்தேன், வேறு யாரும் கிட்ட வரவில்லை. உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன்.

"இப்ப ஆறு ஆச்சுங்களா மச்சான்?" என்றான்.

அவ்வளவுதான். இதற்கு மேல் ஒன்றும் இல்லை. விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். கல்யாணம் நின்றது, பெண் வீட்டார் ஒரு ஆளை அனுப்பிச் சொல்லிவிட்டார்கள். மாராயி என்னோடு பேசி ஆறு வருஷம் ஆகிறது. சோறு போடுவாள். தட்டை வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் சொல்லிவிடுவாள். இப்போது அடுப்படியில் பாத்திரம் உருள்கிறதே, அது என்னைத்தான்.

அன்றைக்கு இவன் பீடி குடிக்காமல் இருந்திருந்தால் நான் ஏன் அடிக்கப்போகிறேன்? நான் அடிக்காமல் இருந்தால் இவன் ஏன் தள்ளப்போகிறான்? யோசித்துப் பார். பீடிதான். கட்டுமேல் படம் போட்டு எழுதியிருக்கிறதே, அது பொய் இல்லை. மேடையில் நான் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

என்ன சிரிப்பு அங்கே?

"ஒண்ணுமில்லீங்க. மூணாவது."

கொடு. மூஞ்சியைத் தூக்கு. ஆடாதே... ம்.

உனக்குச் சொல்கிறேன், அம்மணி. ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று மாதம் கழித்து வந்தான். வந்து இந்தக் கட்டிலில் உட்கார்ந்ததும் முதல் பேச்சு என்ன தெரியுமா? "மச்சான், மூணு பாக்கி இருந்துது. வாங்கிட்டு வாங்க" என்றான். மாராயியைப் பார்த்தேன். அவள் உள்ளே போய்விட்டாள். கடைக்குப் போனேன். நூற்று முப்பத்தாறாம் நாள். கையில் பீடிக் கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தேன். நாக்கில் எச்சில் கசிந்தது. முதல் பீடியைப் பற்ற வைத்துக்கொடுத்துவிட்டு எழுந்தேன். "எங்க போறீங்க? உக்காருங்க. எண்ணுங்க" என்றான். மூன்று முடிகிறவரை உட்கார்ந்தேன்.

அடுத்த நாள் அஞ்சு. அப்புறம் தினமும் அஞ்சு. சரியாக நாலு மணிக்கு. ஒன்று முடிந்து ஒன்று. நான் பக்கத்தில் உட்கார வேண்டும். எழுந்தால், "பாதில எந்திரிக்காதீங்க மச்சான்" என்பான். சத்தம் போட மாட்டான். அடித்தாலும் பரவாயில்லை, அப்படிச் சொல்வான்.

முதல் வருஷம் இந்த உள்ளங்கையைப் பார், நகம் இறங்கின தழும்பு. நாலு விரலுக்கு நாலு தழும்பு. புகை நேராக என் மூஞ்சிக்கு வரும். அவனுக்குத் தெரியாதே, எந்தப் பக்கம் ஊதுகிறோம் என்று. தெரியுமோ என்னவோ. இரண்டாவது பீடியில் கழுத்து நரம்பு புடைக்கும். மூன்றாவதில் இவன் கழுத்தைத் திருகினால் என்ன என்று தோன்றும். சேவலைத் திருகின கைதானே. சத்தியமாகத் தோன்றும். நாலாவதில் ஒன்றும் தோன்றாது. அஞ்சாவதில் வெளியே வெயில் இறங்குவது தெரியும். அவன் மிதிப்பான். நான் எழுந்திருப்பேன். அப்புறம் அடுத்த நாள் நாலு மணி வரைக்கும் நான் யாரையும் அடிப்பதில்லை. சுமாராக.

கூட்டம் எத்தனை மணிக்கு? நாலுக்கா? அப்படியென்றால் வர முடியாது. கலெக்டர் வந்தாலும் முடியாது. நாலு மணிக்கு எனக்கு இங்கே வேலை இருக்கிறது.

"என்னையுங் கூட்டிட்டுப் போங்க. மேடையிலயே அஞ்சு குடிக்கறன். சால்வைய எனக்குப் போத்தச் சொல்லுங்க."

உன் வாயைத்தான் அந்தக் கல் விட்டுவிட்டது. நீ அவன் பேச்சை எழுதாதே, அம்மணி. அடுத்த கேள்வி என்ன? எட்டாவது. 'குடும்பத்தினர் எவ்வாறு உறுதுணையாக இருந்தனர்?'

"நாஞ் சொல்றனுங்க. எங்க அக்கா மூணு தையல் குடுத்தா. நான் ரெண்டு கண்ணு குடுத்தன். எழுதிக்குங்க."

... எழுதிக்கொள். எழுதிக்கொள், பார்க்கிறாயே என்ன? அவன் சொன்னதில் பொய் இல்லை. தட்டு திரும்பிவிட்டது என்பதையும் சேர்த்து எழுது.

ஏழாவதில் என்ன எழுதியிருக்கிறாய்? நான் சொல்லும்போது ஏதோ எழுதினாயே. படி. 'பொறுமையாக இருந்தேன்' என்றா? யார் சொன்னது? நான் சொன்னேனா? இவ்வளவு நேரம் கேட்டுவிட்டு அதுதான் உனக்குக் கிடைத்ததா? கிழித்துப் போடு. முதலில் என்ன சொன்னேன்? ஒரே வார்த்தை. அதை எழுது. அந்த வார்த்தை போதாது என்றால் இடத்தைக் காலியாக விடு.

எங்கே எழுந்திருக்கிறாய்? பஸ்ஸா? பஸ் வரும். அஞ்சரைக்கு இன்னொன்று இருக்கிறது. உட்கார். பாதியில் இந்த வீட்டில் யாரும் எழுந்திருப்பதில்லை.

"மச்சான். நாலாவது."

வருகிறேன். தீப்பெட்டி எங்கே... உன் நாற்காலிக் காலடியில் கிடக்கிறது, அம்மணி. எடுத்துக் கொடு.